இடிக்கப்பட்ட தோட்டத்துக் கோயிலின் பழைய தோற்றத்தைக் கணினியில் மீட்க முடியுமா?

சகோதரி, நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். கெடா மாநிலத்துப் பீடோங்கை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில், உங்கள் பாட்டி பால்வெட்டிய காலத்தில் இருந்த மாரியம்மன் கோயில், தோட்டம் கைமாறி வீடமைப்புத் திட்டம் வந்தபோது 1990களின் நடுவில் இடிக்கப்பட்டது. மூலவரும் காவல் தெய்வங்களும் சாலையோரத்தில் கட்டிய புதுக் கோயிலுக்குப் போய்விட்டார்கள். பழைய கோயிலுக்குச் சாட்சியாக எஞ்சியிருப்பவை மூன்று புகைப்படங்கள், 86 வயதான பாட்டியின் நினைவு, உங்கள் தாத்தா இடிபாட்டிலிருந்து எடுத்து வைத்த கையகலச் சுதைத் துண்டு. இவற்றைக் கொண்டு கோயிலைக் கணினியில் அப்படியே கொண்டுவர முடியுமா, செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டால் போதுமா என்று கேட்கிறீர்கள். அதற்கும் அடியில் நீங்கள் உண்மையில் கேட்பது, அப்படி வரும் படத்தை நம்பலாமா, புதுக் கோயில் மண்டபத்தில் மாட்டி "இதுதான் நம் கோயில்" என்று பிள்ளைகளிடம் சொல்லலாமா என்பது என்று நினைக்கிறேன். அதற்குத்தான் இந்தப் பதில்.

நான் சுங்கை பட்டாணியில் ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் 27 ஆண்டுகள் வேலை பார்த்தவன். அதில் பாதிக்கு மேல் கோயில் திருப்பணிகளுக்கு அளவெடுத்து வரைந்த வேலை. நான் ஸ்தபதி அல்லேன், தொல்லியல் படித்தவனும் அல்லேன். ஆகவே அளவு, வடிவம், படம் ஆகியவை பற்றிச் சற்று உறுதியாகப் பேசுவேன். ஆகமம் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை.

உங்கள் கோயிலின் முன்பக்கத்தையும், மண்டபத்தின் அகலத்தையும், கருவறை மேலிருந்த விமானத்தின் நிலைகளையும் அரை அடி, ஓரடி முன்பின்னாக மீட்டுவிடலாம். பின்புறம் எப்படி இருந்தது என்பதைப் பாட்டியும் அவர் வயதொத்தவர்களும்தான் சொல்ல முடியும். வண்ணத்தில் பாதி தெரியவரும். விமானத்தில் இருந்த சுதை உருவங்களின் முகத்தை மீட்க முடியாது, அது போய்விட்டது. இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் இதை முதலிலேயே ஏற்றுக்கொண்டவர்கள் செய்த மீட்டுருவாக்கங்கள்தான் பிறகு நிலைத்து நின்றிருக்கின்றன.

செயலியைப் பற்றி ஒன்று. மங்கலான புகைப்படத்தைக் கொடுத்து "தெளிவாக்கு" என்றால், அது உங்கள் கோயிலைத் தேடிப் போவதில்லை. தான் பயின்ற ஆயிரக்கணக்கான கோயில் படங்களிலிருந்து அந்த இடத்துக்குப் பொருத்தமானதாகத் தோன்றும் ஒன்றை இட்டு நிரப்புகிறது. அது பயின்ற கோயில்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பெருங்கோயில்கள். நம் தோட்டத்துக் கோயில்கள் வேறு வம்சம். மரத்தடியில் ஒரு கல்லும் சூலமுமாகத் தொடங்கி, அத்தாப்பு என்னும் ஓலைக் கூரை கண்டு, தகரக் கூரைக்கு மாறி, கங்காணிமாரும் கணக்கெழுதும் கிராணிமாரும் சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த பணத்தில் செங்கல் கருவறையாக வளர்ந்தவை. முன்னால் மரத்தூண் மண்டபம், இடுப்புயரச் சுவர், தனியே மதுரைவீரனுக்கும் முனியாண்டிக்கும் ஒரு மேடை. இதைச் செயலி அறியாது. நான் சோதித்துப் பார்த்த இரண்டு முறையும் தகரக் கூரை இருந்த இடத்தில் கருங்கல் தூண்களை நிறுத்திவிட்டது. படம் கண்ணைப் பறித்தது. கோயில் வேறு யாருடையதோ ஆகிவிட்டது.

அதற்குப் பதிலாகப் புகைப்படத்தையே அளவுகோலாக்க வேண்டும். பல கோணங்களில் எடுத்த படங்கள் ஒன்றின்மேல் ஒன்று 60 முதல் 80 விழுக்காடு வரை பொருந்தி வந்தால், கணினி தானாகவே முப்பரிமாண உருவத்தைக் கட்டிவிடும். ஆப்கானிஸ்தானில் 2001 மார்ச்சில் தகர்க்கப்பட்ட பாமியான் புத்தர் சிலைகளில், 55 மீட்டர் உயரப் பெரிய சிலையைச் சூரிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் புகைப்படங்களைக் கொண்டே கணினியில் மீட்டார்கள். இணையத்தில் கிடைத்த படங்கள், சுற்றுலா வந்தவர்கள் எடுத்த படங்கள், 1970இல் அளவெடுப்பதற்கென்றே செய்த அளவைக் கேமராவால் எடுக்கப்பட்ட சில படங்கள் என மூன்று வகையையும் தனித்தனியே முயன்றார்கள். மிக நுணுக்கமான உருவம் அந்தச் சில அளவைப் படங்களைக் கையால் அளந்தபோதுதான் வந்தது. உங்களிடம் இருக்கும் மூன்றும் மூன்று வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்தவை. 1968 திருமணப் படத்துக்கும் 1979 தீமிதிப் படத்துக்கும் நடுவில் மண்டபமே நீண்டிருக்கிறது. ஆகவே கணினி தானாகவே கட்டும் அந்த வழி உங்களுக்கு உதவாது. ஒவ்வொரு படத்தையும் தனியே எடுத்து, இணைகோடுகள் தொலைவில் கூடும் புள்ளிகளைக் கண்டுபிடித்துக் கேமரா நின்ற இடத்தைக் கணக்கிட்டு, அந்த இடத்திலிருந்து பார்த்தால் படத்தோடு பொருந்துகிற உருவத்தைக் கையால் கட்ட வேண்டும். எஃப்ஸ்பை, பிளெண்டர் என்ற இரண்டு மென்பொருள்கள் போதும், இரண்டுமே இலவசம்.

இதில் சிக்கல், படத்தில் ஓர் உண்மையான அளவு வேண்டும் என்பது. அது உங்கள் முதல் படத்திலேயே இருக்கிறது. மணமக்கள் தலைக்கு மேலே மண்டபத்தின் முன்சாய்வுத் தகரத்தின் விளிம்பு தெரிகிறதல்லவா? அலைத் தகரத்தின் ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு வழக்கமான அளவு 3 அங்குலம், அதாவது 76 மில்லிமீட்டர். தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தாலும் அலை தொடர்ந்து வருவதால் கணக்கு கெடாது. படத்தைப் பெரிதாக்கி, இடத்தூணுக்கு நேர் மேலிருந்து வலத்தூணுக்கு நேர் மேல் வரை எண்ணினேன். 56 மேடுகள் வருகின்றன. ஒன்றிரண்டு கூடலாம், குறையலாம். 56 பெருக்கல் 3, 168 அங்குலம், அதாவது 14 அடி. இங்கேதான் அவசரப்படக் கூடாது. தகர விளிம்பு தூண்களின் வரிசையில் இல்லை. ஏறத்தாழ 2 அடி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. முன்னால் இருப்பது பெரிதாகத் தெரியும். கேமரா தூண்களிலிருந்து 30 அடி தள்ளி நின்றது என்று வைத்துக்கொண்டால், விளிம்பு 28 அடியில் இருக்கிறது. 14ஐ 30ஆல் பெருக்கி 28ஆல் வகுத்தால் தூண்களுக்கு இடையே 15 அடி வருகிறது. கேமரா இன்னும் அருகில் நின்றிருந்தால் அது மேலும் சற்றுக் கூடும். இதைச் சரிபார்க்கவும் அதே படத்தில் வழி இருக்கிறது. வலப்பக்க இடுப்புச் சுவரில் பூச்சு உதிர்ந்து செங்கல் வரிசை தெரிகிறது. நான்கு வரிசைக்கு ஓரடி என்பது கொத்தனார்களின் பொதுக்கணக்கு. 11 வரிசை தெரிகிறது, ஆகவே அந்தச் சுவர் 2¾ அடி. சுவர் தூண்களின் வரிசையிலேயே இருப்பதால், அந்த உயரத்தைக் கோலாகப் பிடித்துத் தூண் இடைவெளியை அளந்தால் 15 அடிக்கு அருகே வர வேண்டும். வந்தால் இரண்டு சாட்சிகள் ஒத்துப்போகின்றன என்று எழுதி வையுங்கள். வராவிட்டால் கேமரா நின்ற இடத்தைத் தவறாக எடுத்துக்கொண்டோம் என்று பொருள்.

தீமிதிப் படத்தில் விமானத்தின் நிழல் குண்டத்தைத் தாண்டி விழுந்திருக்கிறது. நிழலைக் கொண்டு உயரம் காண்பது பழைய வழி, ஆனால் நம் நாட்டில் அதற்கு ஒரு கண்ணி உண்டு. படத்தின் பின்னால் "சித்திரை 1979, மாலை 5" என்று எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 ஜனவரி 1 அன்று அரைமணி முன்னே தள்ளப்பட்டது. ஆகவே அன்றைய மாலை 5 என்பது இன்றைய 5:30. பீடோங்கில் சித்திரை மாதத்தில் அந்த நேரத்துச் சூரியன் அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 27 பாகையில் இருக்கும். நிழல் உயரத்தைப்போல் 1.9 மடங்கு நீளும். இன்றைய 5 மணி என்று நினைத்துக் கணக்குப் போட்டால் 1.4 மடங்குதான் வரும். 20 அடி நிழலுக்கு முதல் கணக்கில் விமானம் பத்தரை அடி, இரண்டாவதில் 14 அடி. இவ்வளவு வேறுபாடு! அதோடு, "மாலை 5" என்று எழுதியவர் கடிகாரத்தைப் பார்த்து எழுதினாரா, தீமிதி தொடங்கும் நேரம் அது என்பதால் எழுதினாரா என்பது எவருக்கும் தெரியாது. தரையும் சரிவாக இருந்திருக்கலாம். ஆகவே நிழலைத் துணைச் சாட்சியாக மட்டுமே வைத்துக்கொள்வேன். முதல் படத்தின் அளவு என்ன சொல்கிறதோ அதற்கு நிழல் முரண்படாதிருந்தால் போதும்.

வண்ணம் பற்றி நீங்கள் கேட்ட இடத்தில் ஓர் எச்சரிக்கை. 1979 படத்தில் விமானம் இளஞ்சிவப்பாகத் தெரிவதால் அப்படியே தீட்டிவிட நினைக்கிறீர்கள். அக்காலத்து வண்ணப் படங்களில் மூன்று சாயங்கள் உண்டு. ஆல்பத்தின் இருட்டில் கிடந்தால் அவற்றுள் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கும். படம் முழுவதும் சிவப்புச் சாயும். வெண்மை என்று நிச்சயமாகத் தெரிந்த ஒன்றை, ஒரு வேட்டியையோ திருநீற்றையோ, படத்தில் தேடி அது எவ்வளவு சிவந்திருக்கிறது என்று பாருங்கள். அவ்வளவையும் விமானத்திலிருந்து கழிக்க வேண்டும். 1968 கறுப்பு வெள்ளைப் படம் வண்ணம் சொல்லாது. உறுதியான சாட்சி உங்கள் தாத்தா காப்பாற்றிய அந்தச் சுதைத் துண்டுதான். அதன் ஓரத்தில், வெளியே தெரியாத மூலையில், கூரிய பிளேடால் சாய்வாக ஒரு சிறு கீறல் இட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, பூதக்கண்ணாடியால் பாருங்கள். வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காக நிறங்கள் தெரியும். ஒவ்வொரு குடமுழுக்குக்கும் ஓர் அடுக்கு. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு தோட்டத்துக் கோயிலின் துண்டில் நான் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது: மேலே பளிச்சென்ற பச்சை எனாமல், அதற்கடியில் மஞ்சள், அதற்கும் அடியில் இரண்டு முறை வெறும் வெள்ளைச் சுண்ணாம்பு, எல்லாவற்றுக்கும் அடியில் மெல்லிய காவி. அந்தக் கோயில் தன் முதல் வயதில் வெள்ளையும் காவியுமாக இருந்தது என்பது அதுவரை ஒருவருக்கும் நினைவில்லை. ஆனால் ஒரு துண்டு ஓர் இடத்தின் நிறத்தைத்தான் சொல்லும். அது விமானத்தில் எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்று தெரியாவிட்டால், முழு விமானத்துக்கும் அதைப் பூசக் கூடாது.

ஸ்தபதிகளின் கணக்கைக் கொண்டு எஞ்சியதை நிரப்பலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கீழிருந்து மேலாக அதிட்டானம் (அடித்தளம்), பாதம் (சுவர்), பிரஸ்தரம் (கூரை விளிம்பு), கிரீவம் (கழுத்து), சிகரம் (தலை), ஸ்தூபி (கலசம்) என்று விமானத்துக்கு ஆறு உறுப்புகள். ஒன்றின் அளவு தெரிந்தால் மற்றவற்றை நூல்முறைப்படி வகுக்கலாம். தமிழ்நாட்டிலிருந்து வந்த சிற்பிகள் கட்டிய கோயிலானால் இது நல்ல துணை. தோட்டத்துக் கொத்தனார்கள் கட்டியதானால், அவர்கள் ஊரில் பார்த்ததை நினைவில் வைத்து, கையிலிருந்த சிமெண்டுக்குத் தக்கபடி கட்டினார்கள். உங்கள் படத்தில் கிரீவம் வழக்கத்தைவிடக் குட்டையாக இருக்கிறது. அதை நூலுக்கு ஏற்பத் "திருத்தி"விடாதீர்கள். அந்தக் குட்டைக் கழுத்துதான் அந்தக் கோயில்.

நம் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. பீடோங்கிலிருந்து மெர்போக் போய், குனோங் ஜெராய் அடிவாரத்தில் இருக்கும் புக்கிட் பத்து பஹாட் சண்டி என்னும் பழங்கோயிலைப் பாருங்கள். 1930களில் தொல்லியலாளர் குவாரிட்ச் வேல்ஸ் அகழ்ந்து, 1959-60இல் அலஸ்டர் லாம்ப் தலைமையில் கற்களை மீண்டும் அடுக்கி எழுப்பிய கோயில் அது. கருவறைப் பகுதியும் முன்மண்டபமும் கல்தளமாக நிற்கின்றன. மண்டபத்தில் தூண் நிறுத்திய கல் பாதங்கள் இருக்கின்றன. தூண்கள் மரமாக இருந்திருக்க வேண்டும், மேற்கூரையும் அழியும் பொருளால் ஆனதாக இருந்திருக்க வேண்டும் என்பது அந்தப் பாதங்களிலிருந்து கிடைக்கும் முடிவு. ஆனால் கூரை எவ்வளவு உயரம், ஓரடுக்கா ஈரடுக்கா என்பதைக் கல் சொல்லவில்லை. ஆகவே அவர்கள் கூரை போடவில்லை. வெயிலில் திறந்து கிடக்கும் அந்தத் தளத்தைப் பார்த்து, முடிக்காமல் விட்டுவிட்டார்களே என்று சிறுவயதில் நினைத்திருக்கிறேன். பின்னாளில் இந்த வேலையில் இறங்கிய பிறகுதான், தெரிந்த இடத்தோடு நின்றிருக்கிறார்கள் என்று புரிந்தது.

நான் அப்படி நிற்கத் தவறியதைச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கோயில் நிர்வாகத்துக்காக, இடிந்துபோன பழைய முகப்பை வரைந்து கொடுத்தேன். கிடைத்த ஒரே படத்தில் உச்சி வெட்டுப்பட்டிருந்தது. கலசங்கள் எத்தனை என்று தெரியவில்லை. ஒற்றைப்படையாக இருக்கும் என்பதால் ஐந்து என்று வரைந்தேன். அது ஊகம் என்று வரைபடத்தில் குறிக்கவில்லை. குடமுழுக்கு மலரில் அது அட்டைப்படமாக வந்தது. அதற்கு முன் மூன்று என்று சொன்ன ஒரு பெரியவர், மலர் வந்த அடுத்த ஆண்டு என்னிடமே "அஞ்சு கலசம், நான்தான் ஏணி பிடிச்சேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. என் படம் அவர் நினைவுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. மூன்று என்று முதலில் அவர் சொன்னதை நான் எழுதி வைக்கவும் இல்லை. அந்தக் கோயிலின் கலசக் கணக்கு இனி எவருக்கும் தெரியாது. அதற்குக் காரணம் நான்.

ஆகையால் உங்கள் வேலையின் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முதலில் நினைவு, பிறகு அளவு, கடைசியில் படம். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார், 1938 நவம்பரில் நாஜிகள் அழித்த யூத வழிபாட்டு இடங்களை 1995 முதல் கணினியில் மீட்டு வருகிறார்கள். அதற்கு முந்திய ஆண்டு லூபெக் நகரில் ஒரு யூத ஆலயத்துக்குத் தீ வைக்கப்பட்டதுதான் அங்குள்ள மாணவர்களை இந்த வேலைக்குத் தூண்டியது. வரைபடங்களோடு, அங்கே சிறுவயதில் வழிபட்டு உயிர்தப்பியவர்களின் நினைவையும் அவர்கள் சாட்சியாகக் கொண்டார்கள். நம் கோயில்களுக்கு வரைபடமே கிடையாது என்பதால் நமக்கு அந்தச் சாட்சி இன்னும் முக்கியம்.

பாட்டியிடம் "கோயில் எவ்வளவு பெரிசு" என்று கேட்காதீர்கள். சிறுவயதில் பார்த்தது எல்லாமே பெரிதாகத்தான் நினைவில் இருக்கும். உடம்புக்குத் தெரிந்ததைக் கேளுங்கள். வாசற்படி எத்தனை, எந்தப் படியில் செருப்பை விட்டார், கருவறை வாசலில் குருக்கள் குனிந்து போவாரா நிமிர்ந்து போவாரா, மணிக்கயிறு கைக்கு எட்டியதா, கூழ் ஊற்றும்போது அடுப்பு எந்தப் பக்கம், சுற்றி வரும்போது பின்சுவரில் கை எங்கே வைத்தார், அங்கே மாடம் இருந்ததா. அவருடைய தோழிகள் இருந்தால் ஒவ்வொருவரையும் தனித்தனியே கேளுங்கள். கூட்டமாக உட்கார்ந்தால் குரல் உயர்ந்தவரின் கோயில்தான் வரும். சொன்னதைச் சொன்னபடியே, முரணாக இருந்தாலும், நாளிட்டுப் பதிவு செய்யுங்கள்.

படம் உருவாகும்போது உறுதியானதற்கும் ஊகத்துக்கும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு இருக்க வேண்டும். இது என் சொந்த விருப்பம் மட்டுமல்ல. 2006இல் எழுதப்பட்டு 2009இல் திருத்தப்பட்ட லண்டன் சாசனம், பண்பாட்டுச் சின்னங்களைக் கணினியில் காட்டுவோர் எது சான்று, எது ஊகம் என்பதைப் பார்ப்பவருக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்று வலியுறுத்துகிறது. நான் செய்வது எளிய முறை. புகைப்படத்தில் அளந்ததை முழு நிறத்தில் காட்டுவேன்; இருவரோ அதற்கு மேலோ தனித்தனியே ஒரே மாதிரி சொன்னதை வெளிறிய நிறத்தில்; ஒருவர் மட்டும் சொன்னதைக் கோட்டுருவமாக; ஒன்றும் தெரியாததை வெறுமையாக. உங்கள் விமானத்தின் சுதை உருவங்கள் இருந்த இடங்களில் உருவத்தின் புறக்கோடு மட்டும் இருக்கட்டும். மண்டபத்தில் மாட்டும்போது பிள்ளைகள் அந்த வெறுமையைக் காட்டி ஏன் என்று கேட்பார்கள். பதில் சொல்ல ஆள் இருக்கும்.

இனிக் கைவேலை. புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பிய பிரதிகளை வைத்து எதையும் அளக்காதீர்கள், அவை சுருக்கப்பட்டவை. மூலப் படங்களை ஆல்பத்திலிருந்து பிய்க்காமல், பக்கத்தோடு சேர்த்து, அங்குலத்துக்கு 1200 புள்ளி அளவில் ஸ்கேன் செய்யுங்கள். தனியே எடுக்க முடிந்தவற்றின் பின்பக்கத்தையும் சேர்த்து. ஸ்டூடியோ முத்திரை இருந்தால் அந்த ஸ்டூடியோவின் பழைய நெகட்டிவ் எங்கேயாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள். பிரதியில் வெட்டுப்பட்ட ஓரங்கள் அதில் இருக்கலாம். புதுக் கோயிலுக்குப் போன மதுரைவீரன் சிலையையும் பழைய சூலத்தையும் நிர்வாகத்திடம் அனுமதி பெற்று அளந்துகொள்ளுங்கள்; பழைய படத்தில் அவை தெரிகிற இடமெல்லாம் உங்களுக்கு இன்னொரு அளவுகோல் ஆகும். மூலவரை அளக்க நினைக்க வேண்டாம். பாலாலயம் செய்யும் காலத்தில் குருக்களே முன்வந்தால் மட்டும். அத்துடன், பக்கத்துத் தோட்டங்களில் இன்னும் நின்றுகொண்டிருக்கும் கோயில்களைக் கைப்பேசியிலேயே சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து வையுங்கள், ஒவ்வொன்றுக்கும் இருநூறு படமாவது. பாரிஸின் நோத்ரதாம் பேராலயம் 2019 ஏப்ரலில் எரிந்தபோது, ஆண்ட்ரூ டாலன் என்ற பேராசிரியர் சில ஆண்டுகளுக்கு முன்பே லேசரால் அளந்து வைத்திருந்த கணக்கு கைக்கு உதவியது. அவர் தீயைப் பார்க்கவில்லை. அதற்கு முந்திய ஆண்டே மறைந்துவிட்டார்.

ஸ்கேன் செய்த படங்களை எனக்கு அனுப்பினால் கேமரா நின்ற இடத்தை நான் கணக்கிட்டுத் தருகிறேன். அதற்கு அவசரமில்லை. பாட்டியிடம் இந்த வாரமே போய் உட்காருங்கள். அவர் பேசி முடிக்கும்வரை அந்த மூன்று படங்களையும் அவர் கண்ணில் காட்டாதீர்கள்.